தையல் முதலியன

எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. அழிந்துவரும் இனம் அல்ல, கவலைப்பட வேண்டாம். நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லாத நாளில் குடையும், குடை காற்றில் மடங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு மழைக்கோட்டும், மழைக்கோட்டு நனைந்தால் அதைச் சுருட்டி வைக்க ஒரு பையும், அந்தப் பை கிழிந்தால் தைக்க ஊசி நூலும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான். காய்கறிப் பையை மட்டும் வீட்டில் மறந்துவிட்டு வந்திருப்பார்.

ஆனால் இந்த இனத்தின் உண்மையான அடையாளம் பையில் இல்லை, வாயில் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்த இவர்களுக்குத் தெரியாது. இருமலுக்குப் போன இடத்தில் "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று மருத்துவர் ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தால் போதும், முழங்கால் வலி, இடது காதில் எப்போதோ கேட்ட ஒரு சத்தம், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது, மாமனாருக்கு இருந்த ரத்தக் கொதிப்பு (மாமனாருடையது மாப்பிள்ளைக்கு எப்படி வரும்? வந்தால்?) என்று எல்லாவற்றையும் கொட்டி, கைநிறையப் பரிசோதனைச் சீட்டுகளோடு, வெற்றிவீரராக, இருமிக்கொண்டே வெளியே வருவார்.

இவர்களோடு வாதாடிப் பார்த்திருக்கிறீர்களா? ஜெயிக்க முடியாது. "கேட்டா என்ன பண்றது?" என்பார்கள். "பின்னால தேவைப்பட்டா நாம எங்க போறது?" என்பார்கள். அதற்கும் நீங்கள் மசியவில்லை என்றால் "இருந்தா என்ன, சோறா கேக்குது?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். சோறு கேட்கவில்லைதான். ஒப்புக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

நம் உபரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் அவருக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் இது. நாலு போல்ட் கேட்டால் ஐந்து கொடுப்பார். "இது எதுக்கு சார்?" என்றால் "கீழ விழுந்து உருண்டு போச்சுன்னா?" என்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மனைவி மேல் உயிர். அந்த அம்மாளுக்கு எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவர் செய்வதெல்லாம். சங்கடமே அதுதான். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டாவது போகலாம்.

மனைவிக்குத் தையல் தொழில். ஒரு ரெடிமேட் துணிக்கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து யாருக்கோ யாருடைய பெயரிலோ சட்டை தைத்துத் தைத்தே வருஷங்களைக் கழித்தவர். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. வீட்டின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த முன்னறையில், காலை வெளிச்சம் நேராக விழுகிற அந்த ஜன்னலோரத்தில், தன் மிஷினைப் போட்டுத் தன் பெயரில் தைக்க வேண்டும். அதற்கு வழியும் பிறந்துவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்களுக்குச் சீருடை தைக்கும் வேலையை இவருக்கே தருவதாக அங்கே இருந்த நிர்வாகி சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"தொழில் நடத்த அனுமதி வாங்கின இடமா இருக்கணும்மா. அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டுங்க, அன்னிக்கே துணியை அனுப்பிவைக்கிறேன். இப்ப தைக்கிறவங்க ஒப்பந்தம் வருஷக் கடைசியோட முடியுது. அதுக்குள்ள வரலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன். தப்பா நினைக்காதீங்க."

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? தெரு, குடியிருப்புப் பகுதி. அங்கே வீட்டு அறையில் தொழில் செய்ய நகர் திட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாத சின்னத் தொழில் என்றால் அது பெரிய விஷயமே இல்லை. ஒரு பக்கப் படிவம், அறையின் வரைபடம், வீட்டு உரிமையாளர் சம்மதம். அவ்வளவுதான். வரைபடம் போட வெளியே போகவே வேண்டாம். மனைவியின் தம்பி கட்டட வரைபடம் போடுகிற தொழில்காரர். ஒரு மாலை வந்தார், டேப்பைப் பிடித்து அளந்தார், ஒரு செவ்வகம், ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஜன்னலோரம் இரண்டு மிஷின், நடுவில் துணி வெட்டுகிற மேசை என்று போட்டுக் கொடுத்து, "முடிஞ்சுதுக்கா" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மனைவி படிவத்தை எழுதினார். 'உத்தேசப் பயன்பாடு' என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடு கணவர் பெயரில் இருந்ததால் உரிமையாளர் என்ற இடத்தில் உபரியார் கையெழுத்துப் போட்டார்.

கடையை விட்டு வருவதற்கு முன் கையிலிருக்கும் துணிகளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், படிவத்தைச் சேர்த்துவிட்டு வரும் வேலையை மனைவி உபரியாரிடம் ஒப்படைத்தார்.

"கவுண்டர்ல குடுத்துட்டு வந்துடுங்க. அவ்வளவுதான்" என்றார்.

'வாயைத் திறக்காதீங்க' என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் மனுஷி நம்பினார்.

அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. வரிசை மட்டும் குட்டையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர் பொழுது போகாமல் படிவத்தைப் பிரித்துப் படித்தார். 'உத்தேசப் பயன்பாடு' என்பதற்கு எதிரே 'தையல்' என்ற சொல் தன்னந்தனியாக நின்றது. அதற்குப் பிறகு புள்ளிக்கோடு. அதற்குக் கீழே இன்னொரு புள்ளிக்கோடு. அதற்கும் கீழே இன்னொன்று. உபரியாருக்கு வியர்த்துவிட்டது. இத்தனை கோட்டைச் சும்மாவா போட்டு வைத்திருப்பார்கள்? அரசாங்கமே நமக்கென்று இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது, அதைக் காலியாக விட்டுவிட்டுப் போய் நாளைக்கு முழிப்பதா?

பேனாவை எடுத்தார். தைக்க வருகிறவர்கள் துணி இருக்கிறதா என்று கேட்டால்? 'துணி விற்பனை' என்று எழுதினார். துணி வாங்கியவர் எனக்கும் தைக்கக் கற்றுக்கொடுங்கள் என்றால்? 'பயிற்சி வகுப்பு'. கற்றுக்கொள்ள வந்தவர் இந்தத் துணி வேறு நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்றால்? 'சாயமேற்றுதல்'. சாயம் காயும்வரை அவர் சும்மா உட்கார்ந்திருப்பாரா, ஒரு வாய் ஏதாவது கொடுக்க வேண்டாமா? 'தேநீர், சிற்றுண்டி'. அவர் வந்த வண்டியை எங்கே நிறுத்துவார்? 'வாகன நிறுத்தம்'. இவ்வளவுக்குப் பிறகும் கடைசிக் கோட்டின் ஓரத்தில் சுண்டுவிரல் அகலம் பாக்கி இருந்தது. அதில் 'முதலியன' என்று எழுதிய பிறகுதான் மனிதர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கவுண்டரில் இருந்தவர் ஓர் அதிகாரி அம்மாள். வேகமானவர். வரைபடத்தைப் பார்த்தார், சரி. கையெழுத்தைப் பார்த்தார், சரி. முத்திரையை மையில் ஒற்றி எடுத்துப் படிவத்துக்கு மேலே கொண்டுவந்துவிட்டார். அப்போதுதான் கண் அந்தப் புள்ளிக்கோடுகளில் போயிற்று. முத்திரை அந்தரத்திலேயே நின்றது.

"இது தையல் மட்டும் இல்லையா சார்?"

"தையல்தான் மேடம். மத்ததெல்லாம் சும்மா."

"சும்மான்னு எழுதலையே. சாயமேத்துறதுன்னு எழுதியிருக்கீங்க."

"யாராவது கேட்டா…"

"சாயம்னா பட்டறைக் கணக்குல வரும் சார். கழிவுத் தண்ணி எங்க போகுதுன்னு காட்டணும். சிற்றுண்டின்னா சமையல் இடம், புகைபோக்கி. வகுப்புன்னா ஆண்களுக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, நெருப்புப் பிடிச்சா ஓடுறதுக்குத் தனி வழி. இது என்ன, முதலியன? முதலியனன்னா என்ன சார்?"

"அது… நமக்கு இப்ப ஞாபகம் வராதது ஏதாவது இருந்தா மேடம்."

அதிகாரி அம்மாள் தன் சர்வீஸில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். சொன்னதைச் செய்யாதவர்களைப் பார்த்திருக்கிறார், சொல்லாததைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறார். செய்யவே போவதில்லை என்று தெரிந்துகொண்டு இத்தனையையும் எழுதிக் கொடுக்கிறவரை அன்றுதான் பார்த்தார். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டு, "தையலை விட்டுட்டு மத்ததை அடிச்சுக் குடுங்க சார். இப்பவே முத்திரை வெச்சுடுறேன்" என்றார்.

கவனியுங்கள். முத்திரை மையோடு காத்திருக்கிறது. ஒரு கோடு கிழித்தால் போதும், வீட்டுக்குப் போகலாம். நீங்களாக இருந்தால் கிழித்திருப்பீர்கள். (கிழித்திருப்பீர்கள்தானே?)

"அடிச்சுட்டா, பின்னால வேணும்னா குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டார் உபரியார்.

"அப்ப புதுசா விண்ணப்பம் போடணும்."

"பாத்தீங்களா!" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். அந்தப் பிரகாசத்தைப் பார்த்து வேலை முடிந்துவிட்டது என்று மனைவி நினைத்ததில் தப்பே இல்லை.

"குடுத்தாச்சாங்க?"

"நல்லவேளை நான் போனேன்! என்னென்ன கேக்குறாங்க தெரியுமா? கழிப்பறை கேக்குறாங்க, புகைபோக்கி கேக்குறாங்க, நெருப்புக்குத் தனி வழி கேக்குறாங்க. நீ மட்டும் போயிருந்தா அப்படியே முழிச்சிருப்ப."

"தையலுக்கு எதுக்குங்க புகைபோக்கி?"

"தையலுக்கு இல்லம்மா, சிற்றுண்டிக்கு."

"யாருக்குச் சிற்றுண்டி?"

"சாயம் காயுற வரைக்கும் காத்திருக்கிறவங்களுக்கு."

மனைவி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பகல் முழுக்கக் குனிந்து தைத்துவிட்டு வந்தவர். கழுத்து வலி. "என்னமோ பண்ணுங்க. வருஷக் கடைசிக்குள்ள எனக்குக் கையில பேப்பர் வேணும்" என்றார். பிறகு அவர் ரொம்ப வருத்தப்பட்டது இந்த வாக்கியத்துக்காகத்தான்.

உபரியார் மச்சினனைத் திரும்ப வரவழைத்தார். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் வரைய, தோளுக்குப் பின்னால் நின்று இவர் சொல்ல, அந்தச் சின்ன முன்னறை ஒரு நகரமாக மாறத் தொடங்கியது. ஆண்கள் கழிப்பறை ஒரு மூலைக்குப் போனது. பெண்கள் கழிப்பறை இன்னொரு மூலைக்கு. சாயத்தொட்டி வந்தது, அதன் கழிவுநீர் போக ஒரு வாய்க்கால் வந்தது, வாய்க்காலில் யாரும் விழுந்துவிடாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் வந்தது. நெருப்புக்கு ஓடும் வழி கிழக்கே திறந்தது. அடுப்பு மேற்கே போனது. ஜன்னல் இருந்த இடத்தில் புகைபோக்கி ஏறியது. துணி வெட்டுகிற மேசையை முதலில் கொஞ்சம் நகர்த்தினார்கள், பிறகு சுவரோரம் சாய்த்தார்கள், பிறகு வாசற்கதவோரம் தள்ளினார்கள், அங்கே வாகன நிறுத்தம் வந்ததும் மேசை படத்தைவிட்டே போய்விட்டது.

"மாமா, அக்காவோட மிஷின் எங்க போடுறது?" என்றார் மச்சினன்.

"அது சின்னதுதானேப்பா. எங்கயாவது போட்டுக்கலாம்."

"எங்கயாவதுன்னு படத்துல ஒரு இடம் கிடையாது மாமா. வேணும்னா கழிப்பறைக்குள்ள போடட்டுமா?"

மச்சினன் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். உபரியார் படத்தை உற்றுப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு, "எதுல? ஆண்களதுலயா, பெண்களதுலயா?" என்று கேட்டார்.

மச்சினன் லேப்டாப்பை மூடிவிட்டார். வரைபடம் அப்படியே அலுவலகத்துக்குப் போயிற்று. எல்லாம் இருந்தது அதில். மிஷினைத் தவிர.

பட்டறை, உணவகம் என்றெல்லாம் வந்துவிட்டால் அக்கம்பக்கத்தாரைக் கேட்காமல் அனுமதி தர முடியாது. அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம், கடைசித் தேதி இன்னது, அதன் பிறகு வருவது ஏற்கப்படாது. தெருவே கூடிப் படித்தது. சாயப்பட்டறையா? இங்கேயா? என்று ஆளுக்கொரு பக்கம் வாயைப் பிளந்தாலும், உபரியாரின் மனைவி மேல் இருந்த மரியாதையில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. எதிர் வீட்டுக்காரர் மட்டும் எழுதினார். உபரியார் நேரே போய்க் கேட்டார்.

"என்ன சார், எங்களுக்கு எதிரா எழுதிட்டீங்களாமே?"

"சேச்சே! உங்க மேல எனக்கு என்ன சார் ஆட்சேபம்? தங்கச்சி நல்லா தைக்கட்டும். ஆனா நாளைக்கு நீங்க வீட்ட வித்துட்டுப் போய், வேற யாராவது வந்து புகையா விட்டாங்கன்னா? அதான் ஒண்ணு எழுதிப் போட்டு வெச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

உபரியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாளாக எதிர் வீட்டில் தன் இனத்தைச் சேர்ந்த ஒருவர் குடியிருந்தது தெரியாமல் போயிற்றே! அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். வந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிர் வீட்டுக்காரர் சொல்வதில் என்ன தப்பு? தெருவின் அந்தப் பக்கம் இருக்கிறவருக்கே புகை வருமென்றால், அதே வீட்டின் மாடியில் படுத்துத் தூங்குகிறவனுக்கு வராதா? கடைசித் தேதி போய்விட்டால் பிறகு வாயே திறக்க முடியாதாமே? உரிமையை விட்டுவிட்டு நிற்பதா?

நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதேதான். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய், தன் வீட்டுக்கு எதிராகத் தானே ஒரு ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வேலைக்குப் போனார்.

விசாரணை நாளில் மனைவியும் வந்திருந்தார். அதிகாரி அம்மாள் தாள்களைப் புரட்டி, எதிர் வீட்டுக்காரரை விசாரித்து அனுப்பிவிட்டு, அடுத்த ஆட்சேபக்காரரைக் கூப்பிட்டார். உபரியார் எழுந்து நின்றார்.

"நீங்க உரிமையாளர் சார். உட்காருங்க. ஆட்சேபம் சொன்னவரைக் கூப்பிடுறேன்."

"நான்தான் மேடம் அது."

அதிகாரி அம்மாள் தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். "யார் மேல ஆட்சேபம்?"

"என் மேலதான். மாடியில குடியிருக்கிறவன்ங்கிற முறையில."

"யாரு உங்களுக்குத் தொந்தரவு குடுத்தது?"

"இதுவரைக்கும் குடுக்கலை மேடம். ஆனா நான் சரியான பதில் குடுத்தேன்னா வாபஸ் வாங்கிக்கத் தயாரா இருக்கேன்."

"குடுங்க பாப்போம்" என்றார் அதிகாரி அம்மாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டு.

உபரியார் தன்னைத் தானே மனசுக்குள் கேட்டுப் பார்த்தார். பதில் திருப்தியாக இல்லை போலிருக்கிறது. "இப்போதைக்கு நிலுவையிலயே இருக்கட்டும் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மனைவி சிரிக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

ஆய்வாளர் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். வருஷம் முடிகிற நேரத்தில் உறை வந்தது. உபரியார் வாசலிலேயே பிரித்தார், முத்திரையைப் பார்த்தார், 'அனுமதிக்கப்படுகிறது' என்ற சொல்லைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

"வந்துருச்சு! இந்தா பாரு, அனுமதி வந்துருச்சு!"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். துணி விற்பனை, தெருவின் அகலம் போதாமையால் மறுக்கப்படுகிறது. சாயமேற்றுதல், மறுக்கப்படுகிறது. சிற்றுண்டி, மறுக்கப்படுகிறது. பயிற்சி வகுப்பு, மறுக்கப்படுகிறது. முதலியன, இன்னதென்று குறிப்பிடப்படாததால் மறுக்கப்படுகிறது. தையல், அதற்கான இடம் வரைபடத்தில் எங்கும் காட்டப்படாததால் பரிசீலிக்கப்படவில்லை. வாகன நிறுத்தம், அனுமதிக்கப்படுகிறது.

"நம்மகிட்ட ஒரு சைக்கிள்கூட இல்லையேங்க" என்றார் மனைவி.

இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய், இன்னும் பிரிக்காத உறையோடு இருந்த தன் மிஷினின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இவ்வளவு நேரம் சிரித்தோம், இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். கடை வேலையையும் விட்டாயிற்று. சீருடை வேலையும் கைநழுவப் போகிறது. தனக்கென்று ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். அந்த ஒரு சொல்லைத்தான் அத்தனை பேரும் தொலைத்துவிட்டார்கள். அத்தனை பேர் என்ன அத்தனை பேர், ஒருவர்தான். அவர் வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். தான் செய்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அழுது முடித்ததும் மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "நாளைக்கு நான் போறேன். உரிமையாளர் கையெழுத்து வேணும்ங்கிறதால நீங்களும் வரணும். வந்து பேசக் கூடாது" என்றார். உபரியார் சரி என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். அப்போதே தொடங்கிவிட்டார்.

மறுநாள் கவுண்டரில் மனைவி புதுப் படிவம் வாங்கினார். 'தையல்' என்று எழுதினார். மிச்சமிருந்த புள்ளிக்கோடுகளின் மேல், துணி வெட்டுகிற கை அல்லவா, ஒரே இழுப்பில் குறுக்குக் கோடு போட்டார். தம்பி முதன்முதலில் வரைந்த செவ்வகத்தை இணைத்தார். அதிகாரி அம்மாள் பார்த்தார்.

"தையல் மட்டுமா?"

"மட்டும்தான் மேடம்."

முத்திரை கையில் ஏறியது. உபரியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்திரை மறுபடியும் அந்தரத்தில் நின்றது. இந்த முறை அவர் ஒன்றுமே செய்யவில்லை, சத்தியமாக.

"இந்த அறைக்கு ஏற்கெனவே ஒரு அனுமதி இருக்கேம்மா" என்றார் அதிகாரி அம்மாள், கம்ப்யூட்டரைப் பார்த்து. "வாகன நிறுத்தம். ஒரே அறைக்கு ரெண்டு பயன்பாடு தர முடியாது. அதை வேண்டாம்னு திருப்பிக் குடுத்தாத்தான் இதைத் தர முடியும். உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

இரண்டு பேரும் உபரியாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திருப்பிக் கொடுப்பதா? கையில் வந்ததையா? முத்திரையோடு வந்ததையா? பிறந்ததிலிருந்து அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தேய்ந்த செருப்புக்குக்கூட ஒரு எதிர்காலம் இருக்கிறது என்று நம்புகிறவர். நாளைக்கே ஒரு கார் வாங்கினால்? வாங்கவில்லை, சரி, காரில் ஒரு விருந்தாளி வந்தால்? ஏன், மருத்துவமனை வண்டியே துணி ஏற்ற வந்தால்? அது எங்கே நிற்கும்? எவ்வளவு நியாயமான கேள்வி! வாய்வரைக்கும் வந்துவிட்டது. உதடு பிரிந்துவிட்டது. அதிகாரி அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி படிவத்தின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. அந்த விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்த இடங்களை உபரியார் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பார்த்த கைதான்.

பிரிந்த உதட்டை மூடிக்கொண்டார். பேனாவை வாங்கி, 'வாகன நிறுத்தம் வேண்டாம்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஒன்றே ஒன்று. கீழே நிறைய இடம் இருந்தது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அவ்வளவுதான் மேடம்" என்றார். இந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. முத்திரை விழுந்தது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தெருவில், பட்டப்பகலில், இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததும் அதுதான் முதல் தடவை.

அன்று மாலையே மருத்துவமனையிலிருந்து துணி வந்தது. ஏற்றி வந்த வண்டி தெருவிலேயே நின்றது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

உபரியார் திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். அந்த இனத்தில் திருந்துவது என்பது கிடையாது. ஒரு நாள், ஒரு கவுண்டரில், ஒரு கையெழுத்து நேரத்துக்கு வாயை மூடிக்கொள்வது உண்டு, அதற்கே மனிதர் இரண்டு நாள் சோர்ந்து படுத்துவிட்டார். அவரை விடுங்கள். நீங்கள் எப்படி? உபரியாரைப் பார்த்து இவ்வளவு சிரித்தீர்களே, அவரை யாரென்று நினைத்துக்கொண்டு சிரித்தீர்கள்? மைத்துனரா, மேலதிகாரியா, பக்கத்து வீட்டுக்காரரா? அவர்களிடம் இப்போது காட்டினால் கோபித்துக்கொள்வார்கள்தான், ஆனாலும் என்றைக்காவது ஒரு நாள் உதவும் என்று இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பத்திரப்படுத்தப் போகிறீர்களே, அந்த விரல்களை அப்படியே நிறுத்தி, யாருடைய விரல்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.